அம்மா குறை சொல்லாத தசரா

எங்கள் அம்மாவுக்கு நாக்கு நீளம் என்று ஊரில் சொல்வார்கள். வம்புக்குப் போகிற நாக்கு இல்லை, சாப்பாட்டு விஷயத்தில் மட்டும்தான். ஒரு வாய் வைத்ததும், குழம்பு ஒரு கொதி முந்தி இறக்கியது, பருப்பு பழசு, தேங்காய் முற்றல் என்று அடுக்கிக்கொண்டே போவாள். சமைத்தது யாராக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். தன் சமையலை அவள் திட்டிக்கொண்ட மாதிரி எந்த மாமியாரும் மருமகளைத் திட்டியிருக்க மாட்டாள்.

ஆனால் அந்த நாக்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வேற்றாள் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தால், சோற்றில் கல்லே கிடந்தாலும் ‘நல்லாருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். சொந்த மனிதர் வீட்டில் நேர்மாறு. குறை இருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், எங்களையும் வேற்றாள் கணக்கில் சேர்த்துவிட்டாயா என்று கோபித்துக்கொள்வார்கள். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் எதைப் போட்டாலும் நல்லாருக்குதுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். பல மாதம் கழித்து ஒருநாள், அப்பாவின் அக்கா கடைந்த கொள்ளுப் பருப்பைத் தின்றுவிட்டு, “பூண்டு கருகிப்போச்சுங்க” என்றாளாம். அத்தை சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து, உன் பெண்டாட்டி இனிமேல் பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டிருக்க மாட்டாள், இங்கேயே தங்கிவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னாளாம். அப்பா இதை எங்களிடம் எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை சொல்கிற மாதிரியேதான் சொல்வார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் ராமாபுரத்தில் இருந்தோம். கொள்ளேகால் தாலுகா அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அப்பா அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நானும் தம்பியும் அவரிடமே படித்தோம். அதனால் வீட்டிலும் அடி, பள்ளிக்கூடத்திலும் அடி. அந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் கிடந்தாள். பார்லித் தண்ணீரும் பத்தியமுமாக ஒரு வழியாகப் பிழைத்து எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிருந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. காய்ச்சல் போய்விட்டது, கூடவே பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த நாட்களில் அப்பாதான் சமைத்தார். கணக்கில் புலி, அடுப்பங்கரையில் அப்பாவி. பத்தியம் முடிந்து அம்மாவுக்கு முதல் சாப்பாடு போட்ட அன்று அவர் வைத்த ரசத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கோணும். புளியைக் கொதிக்கவே விடவில்லை, மிளகை முழுசாகவே போட்டிருந்தார். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினான். அம்மா ஒரு கை சோற்றை அதில் பிசைந்து தின்றுவிட்டு, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “நல்லாருக்குதுங்க” என்றாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் ரசத்தின் லட்சணம் அவருக்குத் தெரியாதா?

கொள்ளேகாலில் டாக்டரிடம் காட்டினார்கள். நோய் ஒன்றும் மிச்சமில்லை, இனி மருந்தும் இல்லை, சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டார். இப்படியே கொறித்துக்கொண்டிருந்தால் அடுத்து ஒரு சின்னக் காய்ச்சலைக்கூட இந்த உடம்பு தாங்காது என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். தனியாகத்தான் சொன்னார், ஆனால் நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சின்னப் பெண்ணுக்கு என்ன புரியும் என்று நினைத்திருப்பார். எனக்கு எல்லாம் புரிந்தது. அம்மா சாப்பிடாவிட்டால் செத்துப்போவாள் என்று புரிந்தது.

அப்பா அன்றிலிருந்து அவளுடைய எடையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தார். குறை சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அவளோ எதைப் போட்டாலும் ஒரு கை, நல்லாருக்குதுங்க, தட்டு நகரும். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்ததும் அப்படித்தான் போனது. நாக்கு செத்துப்போய்விட்டது, அதற்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் மைசூர்தான் சரி என்று அப்பா தீர்மானித்தார். இந்தத் தீர்மானத்துக்கு அவர் எப்படி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, மைசூரில் இருந்தாள். பெரியப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம். தசரா விடுமுறை வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

பெரியம்மா வீடு தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் கதவைத் திறந்தால் மல்லிகை மூட்டையும் வாழைத்தாரும் சுமந்துகொண்டு ஆட்கள் மூச்சிரைக்கப் போவார்கள். பெரியம்மா வருஷக்கணக்காக அங்கே இருந்ததில் பாதிப் பேச்சு கன்னடமாகிவிட்டது. எங்களைப் பார்த்ததும், “பாரம்மா, நோடு, எப்பிடி எளச்சுப்போயிட்டா” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கிய சோற்றை வைத்து, நெய்யை ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா ஒரு கை தின்றாள். நல்லாருக்குதுக்கா என்றாள்.

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து அக்காவின் சமையலை ஒரு நாள்கூட அம்மா சும்மா விட்டதில்லையாம்.

அப்பா மட்டும் தளரவில்லை. மறுநாளே திட்டத்தை எங்களுக்கு அறிவித்தார். தினம் ஒரு ஓட்டல். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நடக்கும்போது ஒவ்வொருவரும் சாப்பாட்டைப் பற்றி மனசில் பட்டதை அப்படியே சொல்ல வேண்டும். முகஸ்துதி கூடாது, பொய் கூடாது. முதலில் தம்பி, பிறகு நான், அப்புறம் அவர், கடைசியில் அம்மா. பரீட்சை வைக்கிற தோரணையில் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குஷி. பெரியவர்கள் செய்ததைக் குறை சொல்லச் சொல்லி ஒரு பெரியவரே உத்தரவு போடுவது ஆயுசுக்கு ஒரு தடவை நடக்கிற காரியம்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். ஆனாலும் தசராவுக்கு மைசூரில் வாசனைக்குக் குறைவில்லை. முதல் நாள் போன ஓட்டலில் தோசைக்குள்ளேயே சிவப்பாகச் சட்னி தடவியிருந்தார்கள். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளியே வந்து, தோசை முதல்தரம், சட்னியில் பூண்டு தூக்கல், சாம்பாரில் யாரோ தெரியாமல் வெல்லத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். இங்கே அப்படித்தான் போடுவார்கள் என்று பெரியப்பா சொன்னார். போடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தப்புப் பண்ணுகிறார்கள் என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு, நல்லாருக்குதுங்க என்றாள்.

அடுத்த நாள் மைசூர்பாகு. அதற்கடுத்த நாள் பிசிபேளே பாத் என்று ஒன்று. பெரியப்பா மிலிட்டரி ஓட்டலிலிருந்து தூக்கில் கறிக்குழம்பும் கேழ்வரகு உருண்டையும் வாங்கி வந்தார். அந்தக் குழம்புக்காக நான் மதம்கூட மாறியிருப்பேன். ஓட்டல் பையன்கள் மேஜையைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்பார்கள். சில நாளில் அம்மா, “சென்னாகிதெ” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். கன்னடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். இரண்டு பாஷையிலும் நல்லாருக்குது என்றானதில் அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு குறைந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த விபரீத யோசனை வந்தது. நல்ல சாப்பாட்டைப் போட்டால் அவள் எப்படிக் குறை சொல்வாள்? தப்பு நம்முடையதுதான், மோசமான ஓட்டலுக்கல்லவா கூட்டிப்போக வேண்டும் என்றார். மறுநாள் காலையில் ஜட்காக்காரரிடம், இந்த ஊரிலேயே ரொம்ப மோசமான ஓட்டல் எதுவோ அங்கே விடப்பா என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டார். ஜட்காக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எங்களையும் பார்த்தார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே என்று தயங்கினார். அப்பா கெஞ்சியதும், பஸ் நிற்கிற பக்கம் ஒரு சந்து முனையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நாங்கள் சாப்பிட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வருகிறோமா என்று பார்ப்பதற்காகவே குதிரைக்குப் புல்லைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஆள் வாக்குத் தவறவில்லை. இட்லியைப் பிட்டால் பிட்டுவரவில்லை. சட்னி புளித்து நுரைத்திருந்தது. காபியில் ஏதோ மிதந்தது, அதை ஒன்றும் இல்லை என்று பரிமாறியவர் விரலாலேயே எடுத்துப் போட்டார். தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா முதல் தடவையாகச் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். அவர் தட்டைத் தொடவேயில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த இட்லியில் கொஞ்சம் பிட்டு மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. சின்ன வயசிலிருந்தே எனக்குக் கோபம் வந்தால் முழுசாகத்தான் வரும். அன்று சாயங்காலம் எக்ஸிபிஷனுக்குப் போனோம். தசராவுக்கு மைசூர் எக்ஸிபிஷன் என்றால் அந்தக் காலத்தில் சொர்க்கத்தைத் தரையில் இறக்கிவைத்த மாதிரி. கிணற்றுக்குள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுவரோடு சுற்றி வந்தார். ஒரு கொட்டகையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் நம் தலை பூசணிக்காயாகிவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில் ராட்சச ராட்டினம். தம்பிக்குப் பயம், அப்பாவுக்கு அதைவிடப் பயம். அதனால் நானும் அம்மாவும் ஒரு தொட்டிலில் ஏறிக்கொண்டோம். ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்று நின்று சுற்றியது. எங்கள் தொட்டில் உச்சிக்குப் போய் நின்றது. தூரத்தில் அரண்மனை, இன்னும் விளக்குப் போடவில்லை. கீழே அப்பா நிமிர்ந்து எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

நீ பொய் சொல்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த இட்லி நன்றாக இருந்ததா, சத்தியம் பண்ணு என்றேன். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியல கண்ணு. வாயில வெச்சா எல்லாமே பஞ்சாட்ட இருக்குது. நல்லாருக்குதுன்னா உங்கப்பா மேல கேக்கமாட்டாரு. இல்லீன்னா அவரு மூஞ்சியப் பாக்க முடியறதில்ல.”

அப்படியென்றால் செத்துப்போய்விடுவாயா என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே என்று மட்டும் அம்மா சொன்னாள். அவள் வளையல் என் கைமேல் இறங்கி வந்து கிடந்தது. தொட்டில் அசைந்து கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்கியதும் அப்பா, எப்படி இருந்தது என்று எங்கள் இருவரையும் கேட்டார். நல்லாருக்குதுங்க என்று அம்மா சொன்னாள். நானும் நல்லாருக்குது என்றேன். அதற்குமேல் அந்த வார்த்தையை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மறுநாள் கண்ணம்பாடி அணைக்குப் போய்ப் பூந்தோட்டத்தில் கலர் கலராக நீர் பீச்சுகிறதைப் பார்த்தோம். அங்கே விற்ற வறுத்த கடலைக்குக்கூட அப்பா தீர்ப்புக் கேட்டார். குரலில் வலு இல்லை. விடுமுறையும் முடியப் போகிறது. கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவோரம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

பெரியம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. “ஏந்தம்பி, ஓட்டல்காரன் அவளுக்குப் பங்காளியா, குறை சொல்றதுக்கு? ஊர்ப்பட்ட வேத்தாள் கடைக்கெல்லாம் கூட்டிட்டுப் போயி குறை சொல்லு குறை சொல்லுன்னா, அவ எப்பிடிச் சொல்லுவா? நம்ம வளத்த வளப்பு அப்பிடியா?”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. வாத்தியார் வேலை பார்க்கிறவருக்கு வராத சந்தேகம் பெரியம்மாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

“ஓட்டல்ல சொல்லலீன்னாப் போகுதுங்கக்கா. எங்க வூட்லயும் சொல்றதில்ல. உங்க வூட்லயும் சொல்றதில்ல. ஒறம்பரையாட்டவே இருக்கறா. எந்நேரம் கெளம்பிடுவாளோன்னு இருக்குது எனக்கு.”

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வந்தவர்கள் எவ்வளவு நாள் தங்கினாலும் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத்தானே வேண்டும். பெரியம்மா எழுந்து போய் அப்பாவுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேல் அவளை எதுவும் கேட்காதீர்கள், போகிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும் என்றாள். அப்பா சரி என்று தலையாட்டினார்.

கடைசி நாள் சாயங்காலம் மறுபடியும் எக்ஸிபிஷன். தம்பிக்கு ஊதுகுழல் வாங்க வேண்டும் என்பதுதான் காரணம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற பக்கம் போனால் அப்பா கேட்காமல் இருக்க மாட்டார் என்று நினைத்து நான் அவரை வேறு பக்கம் இழுத்தேன். ஆனால் ஊதுகுழல்காரர் அந்தப் பக்கம்தான் இருந்தார். வரிசையின் கடைசியில், கூட்டமில்லாத ஒரு சின்னக் கொட்டகை. புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அந்தப் பெண் தோசைக்கல் முன்னால் உட்கார்ந்து ஒப்புட்டு தட்டிக்கொண்டிருந்தாள். போளியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், மைசூரில் அதற்கு ஹோளிகே என்று பேர். தம்பி, “அம்மா, ஒப்புட்டு” என்று கத்தினான்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். இத்தனை கன்னடத்துக்கு நடுவில் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. “ஏனுங்கக்கா, எந்தூருங்க?” என்றாள். ராமாபுரம் என்று அப்பா சொன்னார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவள் பிறந்தது கொள்ளேகால் பக்கம். அவர்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வருவார்கள். அங்கே சுற்றி இங்கே சுற்றி, அவளுடைய சின்னம்மா மகளை அம்மாவின் ஊரில் கொடுத்திருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் பக்கத்து ஆட்கள் இருவர் சந்தித்தால் இப்படி ஏதாவது ஒரு முடிச்சுப் போடாமல் விட மாட்டார்கள். கண்டுபிடித்ததும் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னாள். அம்மா உட்கார்ந்தாள். நடந்து களைத்திருந்தாள்.

இலைத் துண்டில் சூடாக ஒப்புட்டு வைத்து நெய்யைத் தடவிக் கொடுத்தாள். நானும் தம்பியும் கொடுத்ததைத் தின்றோம். அப்பா ஊதுகுழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். நல்லாருக்குதுங்க என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

“அக்கா, நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. தெனமும் எல்லாரும் அதத்தான் சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தரும் ரெண்டாந்தரம் வாறதில்ல. பக்கத்துக் கடையில நிக்கறாங்க. மொத மொதலாக் கடை எடுத்திருக்கறோம். அவங்க வேத்தாளுக, சொல்லமாட்டாங்க. நீங்களுஞ் சொல்லலீன்னா எனக்கு ஆரக்கா சொல்லுவாங்க?”

அவள் புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விறகைத் தள்ளினான்.

அம்மா வாயை அசைக்காமல் அவளையே பார்த்தாள். எனக்கு ராட்டினத்தில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறவளிடம் போய் இவள் கேட்கிறாளே, இவளுக்கு அம்மா என்ன சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா மெதுவாக மென்றாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். மறுபடி மென்றாள். புருவம் சுருங்கியது.

“வெல்லத்தக் கரச்சு வடிகட்டலியா நீ?” என்றாள்.

அந்தப் பெண், இல்லைங்கக்கா, நல்ல வெல்லம் என்று கடைக்காரர் சொன்னார், அப்படியே போட்டேன் என்றாள்.

“மண்ணு நறநறங்குது” என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஊதுகுழலை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு விள்ளலை, முன்னைவிடப் பெரிசாக, எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது. அடுப்படியில் கரண்டியோடு நிற்கும்போது வருகிற முகம்.

“பூரணத்துல உப்பு இல்ல. ஒரு சிட்டிக போடோணும், இல்லீன்னா இனிப்பு எடுக்காது. ஏலக்காய அள்ளிக் கொட்டியிருக்கற, மருந்தாட்ட மணக்குது. பருப்பு கொழஞ்சுபோச்சு. மாவ இன்னுங் கொஞ்ச நேரம் ஊறப் போடோணும், ரப்பராட்ட இழுக்குது.”

ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் சரிங்கக்கா, சரிங்கக்கா என்று தலையாட்டினாள். அடுத்ததைக் கொடு, சரியாகத்தான் சொல்கிறேனா என்று பார்க்கிறேன் என்று அம்மா இலையை நீட்டினாள். அதையும் தின்றாள். தின்றுகொண்டே, இந்தக் கல்லுக்கு இவ்வளவு தீ ஆகாது என்று அந்தப் புருஷனையும் ஒரு வாங்கு வாங்கினாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, பூரணத்தைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உப்பைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள்.

அப்பா விடுவிடு என்று நடந்துபோய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கொட்டகைக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில், மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்னப்பா என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“வெல்லத்துல மண்ணாமா கண்ணு” என்றார். “நல்லா வடிகட்டலியாமா.”

நானும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊர் உலகமே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தசரா பார்க்க வந்திருந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஒப்புட்டுக்காக அழுதுகொண்டு நின்றோம். அதற்கு முன்பும் பின்பும் நான் அவ்வளவு சந்தோஷமாக அழுததில்லை. அந்தக் கடையில் பிறகு வியாபாரம் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. நன்றாக நடந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பினோம். பெரியம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் ராத்திரிக்குச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் அடியில் வைத்து, பெட்டியை பஸ்மேல் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. நான் ஜன்னலோரம், பக்கத்தில் அம்மா. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி, முன் சீட்டில் தம்பியை மடியில் வைத்திருந்த அப்பாவின் தோளைத் தொட்டாள். பஸ்ஸில், நாலு பேர் எதிரில், அம்மா அப்பாவைத் தொட்டு நான் பார்த்ததேயில்லை.

“ஏனுங்க,” என்றாள் மெதுவாக. “எனக்குப் பசிக்குதுங்க.”

எங்கள் வீட்டில் எங்களுக்குப் பசிக்கும், அப்பாவுக்குப் பசிக்கும், மாட்டுக்குப் பசிக்கும். அம்மாவுக்குப் பசிக்கும் என்று அவள் வாயால் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பா தம்பியை என் மடியில் போட்டுவிட்டு, நகர ஆரம்பித்த பஸ்ஸிலிருந்து குதித்து, நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே எதிரில் இருந்த பலகாரக் கடையைப் பார்த்து ஓடினார்.